முள்ளில்லாத இரை

தூண்டிலுக்கு முக்கியமானது எது என்று கேட்டால், முள் என்றே எவரும் விடை சொல்வார்கள். கோல் முறிந்தால் வேறொரு கோல் வெட்டிக்கொள்ளலாம். கயிறு அறுந்தால் முடிந்துகொள்ளலாம். புழு அகப்படாவிட்டால் ஒரு சோற்றுப் பருக்கையாவது கிடைக்கும். முள் இல்லாமற் போனாலோ, குளக்கரையில் மீன் பிடிக்க உட்கார்ந்திருப்பவனுக்கும் வேடிக்கை பார்க்க வந்தவனுக்கும் யாதொரு வேற்றுமையும் இல்லை. ஆனால், கடலிலுள்ள மிகப் பெரிய மீன்களைத் தேடிக் கரையிலிருந்து பல மைல் தூரம் செல்லுகிறவர்கள், படகின் பின்னால் முதலில் இழுத்துச் செல்வது முள்ளே இல்லாத இரையைத்தான் என்றால் நேயர்கள் நம்புவார்களா? நம்பத்தான் வேண்டும். இந்த வினோதமான வித்தையைப் பற்றியும், அதனால் ஒரு மீனின் உயிர் எவ்வாறு காப்பாற்றப்படுகிறது என்பதைப் பற்றியும் சிறிது சொல்ல விரும்புகிறோம்.

மீன் உண்ணாத குடும்பத்து நேயர்கள் இப்பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இது சமையலைப் பற்றிய கட்டுரை அன்று. பொறுமையையும் சாமர்த்தியத்தையும், கடைசியில் சிறிது தருமத்தையும் பற்றியது.

ஈட்டி ஏந்திய மீன்கள்

மேல்தாடை ஈட்டியைப்போல் நீண்டு கூர்மையாய் முடியும் மீன்கள் சில உண்டு. மயில்மீன், மார்லின், வாள்மீன் ஆகியவை அந்த இனத்தவை. மயில்மீன் நம் கரைகளுக்கும் புதியதன்று. முதுகிலுள்ள அகன்ற செட்டையை அது விரிக்கும்போது தோகை விரித்த மயிலின் ஞாபகம் வருமாதலால் நம் கடலோர மக்கள் அதற்கு இப்பெயரைச் சூட்டினார்கள். ஆங்கிலேயர் அதே செட்டையைப் பார்த்துக் கப்பலின் பாயை நினைத்தார்கள். பாய்மீன் என்று பெயரிட்டார்கள். எவர் எதை அதிகம் பார்த்திருக்கிறாரோ அதையே உவமையாக்குவது இயல்புதானே!

மயில்மீன் பெரும்பாலும் ஒரு மனிதனின் எடைக்குள் அடங்கும். மார்லின்களில் நீலம், கறுப்பு என்னும் இரு வகைகள் அசுரப் பிறவிகள். 1953-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 4-ஆம் தேதி, தென்னமெரிக்காவில் பெரு நாட்டின் காபோ பிளாங்கோ என்னும் இடத்துக்கு அப்பால், ஆல்பிரட் கிளாஸெல் என்பவர் கோலும் உருளையும் கொண்டு பிடித்த கறுப்பு மார்லின் 1,560 பவுண்டு இருந்தது. அதாவது 700 கிலோவுக்கு மேல். நல்ல எருமைக்கடா ஒன்றின் எடை என்று வைத்துக்கொள்ளலாம். கோலால் பிடிக்கப்பட்ட மார்லின்களில் அந்த எடையை வென்ற மீன் இன்னும் பதிவு பெறவில்லை.

இம்மீன்களின் ஈட்டி குத்துவதற்கு என்று பலரும் நினைக்கிறோம். மெக்ஸிகோ நாட்டுக் கடலில் மயில்மீன்கள் சாளைக் கூட்டத்தைத் தாக்குவதை வேகமான காமிராக்களால் படம் பிடித்து ஆராய்ந்தவர்கள் 2014-இல் வெளியிட்ட முடிவு வேறு. மயில்மீன் தன் அலகை மெல்லக் கூட்டத்தினுள் நுழைக்கிறது. சிறு மீன்கள் அதை உணருவதேயில்லை. பிறகு பக்கவாட்டில் ஒரு வீச்சு. அடிபட்ட மீன் தடுமாறுகிறது. அதன் பின்னரே விழுங்குதல். கம்பு சுற்றுகிறவனின் கை வேலையோடு இதை ஒப்பிடலாம்.

இன்னும் இரண்டு விசேஷங்களை இங்கே சொல்லிவிடவேண்டும். பின்னால் நமக்குப் பயன்படும். ஒன்று, இவற்றின் கண்களுக்கும் மூளைக்கும் அருகில் வெப்பம் உண்டாக்கும் தசை ஒன்று இருக்கிறது. குளிர்ந்த ஆழத்திலும் கண் சூடாக இருப்பதால், விரைந்தோடும் இரையை இவை தெளிவாகக் காண முடிகிறது. ஆகவே இது கண்ணால் வேட்டையாடும் பிராணி. மற்றொன்று, வேட்டை வெறி ஏறும்போது இவற்றின் உடம்பின் நிறமே மாறுகிறது. மங்கலாய் இருந்த மேனியில் நீலமும் ஊதாவும் பளிச்சிடுகின்றன. பக்கத்துப் பட்டைகள் ஒளி பெறுகின்றன. கூட்டமாய் வேட்டையாடும் வரி மார்லின்களில், இரைமேல் பாயப் போகிற மீன் மாத்திரம் இவ்வாறு ஒளிர்வதையும், தாக்குதல் முடிந்ததும் பழைய நிறம் திரும்புவதையும் மேலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு 2024-இல் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். ‘இப்போது என் முறை’ என்று தோழர்களுக்குச் சொல்லும் சைகையாய் அது இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மயில்மீன் மணிக்கு 110 கிலோ மீட்டர் பாயும் என்று பல புத்தகங்களில் எழுதியிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளும் அதை நெட்டுருப் போடுகிறார்கள். கருவிகளைக் கொண்டு சமீப காலத்தில் அளந்தவர்கள் அது சுமார் 36 கிலோ மீட்டரைத் தாண்டுவது அரிது என்று கண்டிருக்கிறார்கள். ஆனாலும் கடலில் மற்ற மீன்களுக்கு அந்த வேகமே யமன்தான்.

பார்வை என்னும் சொல்

காட்டில் வேடன் ஒரு மானைப் பிடிக்க, தான் பழக்கி வைத்திருக்கும் மற்றொரு மானைக் கட்டி நிறுத்துவான். பறவையைப் பிடிக்கப் பறவை. இப்படிக் காட்டிப் பிடிப்பதற்காக வைக்கும் விலங்குக்குப் பழந்தமிழில் ‘பார்வை’ என்று பெயர். மேல்நாட்டு மீன்பிடிப்பவர் ‘டீஸர்’ என்று சொல்வது இதற்கு மிகவும் நெருங்கியது. சீண்டுவது, ஆசை காட்டி ஏய்ப்பது என்பது அச்சொல்லின் பொருள். இக்கட்டுரையில் அதைப் பார்வை இரை என்றே அழைப்போம். அதற்கு முள் இல்லை. அது பிடிப்பதற்கன்று, வரவழைப்பதற்கு.

அதற்குத் துணையாய் வருவது ‘பிட்ச் பெய்ட்’ என்பது. வீச்சு இரை என்று சொல்லலாம். இதற்கு முள் உண்டு. ஆனால் மீன் கண்ணுக்குத் தென்படும் வரையில் இது கடலைத் தொடுவதில்லை. படகினுள்ளே குளிர்ந்த உப்புநீரில் காத்துக் கிடக்கிறது.

படகை ஓட்டிக்கொண்டே பின்னால் இரையை இழுத்துச் செல்வது மிகப் பழைய முறை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கச் செல்வர்கள் அதைப் பெருமீன் வேட்டையாக வளர்த்தார்கள். பல் வைத்தியராயிருந்து பிறகு நாவலாசிரியராய்ப் புகழ் பெற்ற ஸேன் கிரே என்பவர் இவர்களில் முக்கியமானவர். 1926-இல் அவர் நியூஸிலாந்துக்கு மீன் பிடிக்கப் போனார். 1930-இல் தாஹிதித் தீவருகே 1,000 பவுண்டுக்கு மேற்பட்ட மார்லின் ஒன்றைப் பிடித்தார். பார்வை இரைகளில் அவருக்கு நம்பிக்கை அதிகம். முள்ளில்லாத மரக்கட்டைகளுக்கு வர்ணம் பூசிப் படகின் பின்னால் துள்ளவிடுவது அக்காலத்திலேயே தொடங்கிவிட்டது. 1930-களில் படகின் இருபுறமும் இறகுபோல் நீளும் நெடுங்கம்புகள் வழக்கத்துக்கு வந்தன. படகு கிளப்பும் நுரைக்கு வெளியே தெளிந்த நீரில் இரைகளை விலக்கி ஓட்ட அவை உதவின. 1939-இல் இவ்விளையாட்டுக்கு உலகம் முழுவதுக்கும் பொதுவான விதிகளை வகுக்க, நியூயார்க் நகரத்துப் பொருட்காட்சி சாலை ஒன்றில் ஒரு சங்கமும் ஏற்பட்டது.

படகுக்குப் பின்னால்

இன்றைக்கு இவ்வித்தை மிகச் சிறப்பாய் நடைபெறும் இடங்களில் ஒன்று மத்திய அமெரிக்காவின் பசிபிக் கரை. குவாத்தமாலா நாட்டின் இஸ்தாப்பா துறைமுகத்திலிருந்து காலையில் புறப்படும் படகுகளைக் கற்பனை செய்துகொள்வோம். பின்னால் எரிமலைகள், முன்னால் நீலக்கடல். ஆழ்கடலை அடைந்ததும் படகின் வேகத்தை 6, 7 கடல்மைல் அளவுக்குக் குறைக்கிறார்கள். பிறகு பார்வை இரைகளை ஒவ்வொன்றாய் இறக்குகிறார்கள்.

அவை பல வகை. பிளாஸ்டிக்கினால் செய்த கணவாய்கள் ஏழெட்டை ஒரே கயிற்றில் மாலையாகக் கோத்திருக்கும். முன்னால் ஒரு சிறு கட்டை, இறக்கை வைத்த பறவையைப்போல், நீரைச் சிதறடித்துக்கொண்டு போகும். வர்ணத் தலையும் பாவாடைபோன்ற வாலும் உடைய பெரிய பொம்மை ஒன்று அலையில் மூழ்கி, மூச்சு வாங்க வெளியே வந்து, மறுபடி மூழ்கும். மூழ்கும்போது அதன் பின்னால் வெண்புகைபோல் குமிழிகள் நீளும். இவையெல்லாம் நீர்மட்டத்தில் நடைபெறும் நாடகம்.

நீருக்கடியில் மற்றொரு காட்சி உண்டு. துணி கிழிந்த குடையை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பிகள் மாத்திரம் விரிந்திருக்கின்றன. அந்தக் கம்பி ஒவ்வொன்றிலும் வரிசை வரிசையாய்ப் பொம்மை மீன்களையோ, உண்மையான மடவை மீன்களையோ கட்டி, கனமான ஈயக்குண்டினால் நீரில் அமிழ்த்தி இழுக்கிறார்கள். கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கும் மார்லினுக்கு அது சிறு மீன்களின் கூட்டமாய்த் தோன்றும். பயந்து ஒன்றோடொன்று நெருங்கி ஓடும் கூட்டத்தைப்போல் அவை வெள்ளி வெள்ளியாய் மின்னும். கண்ணால் வேட்டையாடும் பிராணி என்று முன்னே சொன்னோமல்லவா? அந்தக் கண்ணுக்குத்தான் இவ்வளவு அலங்காரமும்.

பெரிய சந்தேகம் ஒன்று இங்கே எழலாம். ‘இவ்வளவு பொம்மைகளையும் இழுக்கிறவர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு முள்ளையும் வைத்துவிட்டால் என்ன? வந்த மீன் தானே மாட்டிக்கொள்ளுமே!’ அப்படியும் பலர் செய்கிறார்கள். ஆனால் அதில் மூன்று தொல்லைகள் உண்டு. முதலாவது, அடுத்து வரப்போவது 80 பவுண்டு மயில்மீனா, 800 பவுண்டு மார்லினா என்பது முன்கூட்டித் தெரியாது. எனவே எல்லாவற்றையும் பெரிய மீனுக்கு ஏற்ற தடித்த கயிற்றிலேயே கட்டவேண்டும். சின்ன மீன் வந்தால் அதற்குப் போராட வழியே இல்லை. இரண்டாவது, எலும்பாலான நீண்ட அலகில் முள் சரியாய்ப் பதிவதில்லை. மீன் பொம்மையை வீசி அடிக்கிறது. முள் கண்ணிலோ, செவுளிலோ, முதுகிலோ எங்கேயாவது தைக்கிறது. அல்லது தைக்காமலே தப்புகிறது. மூன்றாவது தொல்லை முள்ளின் வடிவத்தைப் பற்றியது. அதைப் பின்னால் சொல்கிறோம்.

பார்வை இரை முறையில் இவை மூன்றும் நீங்குகின்றன. முதலில் பார், அளவை அறி, பிறகு தகுந்ததைக் கொடு. இதுதான் அதன் சூத்திரம்.

சில விநாடிகள்

படகின் மேல்தட்டில் நிற்கும் தலைவனே முதலில் மீனைக் காண்பான். அலைக்குள் பழுப்பு நிறமாய் ஒரு நிழல்; அல்லது நீரைக் கிழிக்கும் ஒரு செட்டை. ‘இடப்புறம்! நீளக் கயிறு!’ என்று கூவுவான். எந்தப் பார்வை இரைக்குப் பின்னால், எத்தகைய மீன், எவ்வளவு பெரியது என்பவை அந்தக் கூவலிலேயே அடங்கியிருக்கும். அக்கணம் முதல் படகிலுள்ள எல்லோரும் ஒரே யந்திரத்தின் சக்கரங்களாகிவிட வேண்டும்.

பார்வை இரையின் கயிற்றை ஒருவன் சுற்றத் தொடங்குகிறான். மீன் பாய்ந்து அதை அலகால் அடிக்கிறது. அவன் இரையைச் சிறிது முன்னே இழுக்கிறான். மீன் மறுபடி வருகிறது. மறுபடி இழுக்கிறான். பசிக்கு வந்த மீனுக்குக் கோபமும் வருகிறது. மேனி ஒளிர்கிறது, நீலப் பட்டைகள் விளக்கேற்றினாற்போல் தெரிகின்றன. இதுதான் அனுபவசாலிகள் எதிர்பார்க்கும் அடையாளம். நிறம் ஏறாத மீன் வேடிக்கை பார்க்க வந்தது. நிறம் ஏறிய மீன் தின்ன வந்தது.

இதற்குள், கோல் பிடிப்பவர் வீச்சு இரையை எடுத்துக் கடலில் விட்டிருப்பார். மயில்மீனுக்குப் பெரும்பாலும் பாலிஹூ என்னும் சிறு மீன். நம் ஊர் முரலின் சாதி. பெரிய மார்லின் வந்தால் அதற்கென்று வைத்திருக்கும் கனமான கோலும், பெரிய கானாங்கெளுத்தி இன மீனும். வீச்சு இரை பின்னோக்கிச் செல்கிறது. பார்வை இரை முன்னோக்கி வருகிறது. இரண்டும் ஒரே வரிசையில் சந்திக்கும் கணத்தில் பார்வை இரையை நீரிலிருந்து பிடுங்கி எடுத்துவிடுகிறார்கள். மீன் திகைக்கிறது. துரத்திக்கொண்டிருந்தது மாயமாய் மறைந்தது. ஆனால் அதோ, அதே இடத்தில், வேறொன்று! அது பிளாஸ்டிக் அன்று, உண்மையான மாமிசம். திரும்பி அதைக் கவ்வுகிறது.

சொல்லும்போது எளிதாயிருக்கிறது. இதில் பிழை செய்ய எத்தனை வழிகள் உண்டென்று பாருங்கள். பார்வை இரையைச் சீக்கிரம் எடுத்துவிட்டால் மீன் ஆவல் குன்றி ஆழத்தில் இறங்கிவிடும். தாமதித்தால் பொம்மையைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்று மல்லுக்கு நிற்கும். அல்லது அதன் சுவையின்மையை அறிந்து அவமதித்துவிட்டுப் போகும். வீச்சு இரையை மீனின் தலைக்கு மேலேயே போட்டால் மிரளும். மிகத் தூரத்தில் போட்டால் காணாது. ஒருவர் சாமர்த்தியசாலி, மற்றவர் மந்தம் என்றால் காரியம் கெட்டது. நாதஸ்வரக்காரரும் தவுல்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளாமலே தீர்மானத்தில் வந்து சேருகிறார்களே, அந்த ஒற்றுமை இங்கேயும் வேண்டும்.

மீன் கவ்வியதும், பழக்கமில்லாதவரின் கை துடிக்கும். கோலைச் சட்டென்று வெட்டி இழுக்கத் தோன்றும். இழுக்கக் கூடாது. உருளையைத் தடையின்றிச் சுழலவிட்டு, கயிறு சிக்காமல் கட்டை விரலால் மெல்லத் தடவிக்கொண்டு, சில விநாடிகள் காத்திருக்க வேண்டும். பிறகு தடையைப் படிப்படியாக ஏற்றவேண்டும். கயிறு இறுகும். மீன் தானே திரும்பும்போது தானே மாட்டிக்கொள்ளும். அந்தச் சில விநாடிகள் சும்மா இருப்பதுதான் இவ்வித்தையில் மிகக் கடினமான பாடம் என்று அறிந்தவர்கள் சொல்லுகிறார்கள். சும்மா இருப்பது சுலபமன்று என்பதை நம் பெரியோர் வேறொரு சந்தர்ப்பத்தில் முன்னமே சொல்லியிருக்கிறார்கள்.

இறகுப் பூச்சியால் பிடித்த பெருமீன்

பார்வை இரையின் மகிமையை உலகுக்குக் காட்டியது 1962-ஆம் ஆண்டு நடந்த ஒரு சம்பவம். மலையோடைகளில் சிறு மீன் பிடிப்பவர்கள், இறகையும் நூலையும் கட்டிப் பூச்சிபோல் செய்து, மெல்லிய பிரம்பால் வீசுவார்கள். அந்த எடையற்ற இறகுப் பூச்சியைக்கொண்டு ஆழ்கடல் மயில்மீனைப் பிடிக்க முடியுமா? கடல் விரிந்தது, மீனோ ஆழத்தில், இறகை எங்கே வீசுவது?

டாக்டர் வெப்ஸ்டர் ராபின்ஸன் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். பனாமா நாட்டின் பீன்யாஸ் விரிகுடாவில், தம் மனைவி ஹெலன் அம்மையார் துணை நிற்க, முள்ளில்லாத இரையைப் படகின் பின்னால் இழுத்து மயில்மீனை அருகே வரவழைத்தார். மீன் வெறிகொண்டு படகை நெருங்கியதும், யந்திரத்தின் இணைப்பைத் தளர்த்தி ஓட்டத்தை நிறுத்தினார்கள். பார்வை இரை நீரிலிருந்து பறந்தது. இறகுப் பூச்சி அவ்விடத்தில் விழுந்தது. மீன் அதை எடுத்தது. 70 பவுண்டுக்கு மேற்பட்ட அந்த மயில்மீனே, படகை ஓட்டாமல் நிறுத்தி வீசிய இறகுப் பூச்சியால் முறைப்படி பிடிபட்ட முதல் மயில்மீன் என்று கொண்டாடப்படுகிறது.

படகை நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. ஓடும் படகின் பின்னால் இறகை விட்டால் அது வீசியதாகாது. வெறும் இழுப்பு ஆகிவிடும். இன்றும் இறகுப் பூச்சிச் சாதனைகளைப் பதிவு செய்யும் சங்கம், வீசும்போது படகின் யந்திரம் இணைப்பற்று இருக்கவேண்டும் என்றும், கயிற்றின் மெல்லிய பகுதி 20 பவுண்டு இழுப்புக்கு மேல் தாங்கக் கூடாது என்றும் விதித்திருக்கிறது. எவரும் பார்க்காத நடுக்கடலில், தமக்குத் தாமே கஷ்டத்தை விதித்துக்கொண்டு, அதை மீறாமல் நடப்பதில்தான் விளையாட்டின் கௌரவம் இருக்கிறது. பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வையாளர் வெளியே போயிருக்கும்போது பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பல ஆண்டுகளாய்க் கண்டுவரும் நமக்கு, இந்த விதியின் அருமை நன்றாய்த் தெரியும்.

வளைந்த முனையின் கருணை

மூன்றாவது தொல்லை முள்ளின் வடிவம் என்றோம். இனி அதற்கு வருவோம். உண்மையில் இக்கட்டுரையின் உயிர்நிலை அதுதான்.

சாதாரணத் தூண்டில் முள், ஆங்கிலத்தில் ‘ஜே’ என்னும் எழுத்தைப்போல் இருக்கும். முனை நேரே மேல்நோக்கி நிற்கும். எங்கே பட்டாலும் தைக்கும். மீன் இரையை விழுங்கிய பிறகு இழுத்தால், தொண்டையிலோ வயிற்றிலோ தைத்துக் குடலைக் கிழிக்கும். வட்ட முள் என்பது வேறு. அதன் முனை உள்நோக்கித் தண்டின் பக்கமாய் வளைந்திருக்கும். பார்த்தால் இது எதைத் தைக்கப் போகிறது என்று சிரிப்பு வரும். பசிபிக் தீவுகளின் பழங்குடிகள் எலும்பிலும் சிப்பியிலும் இவ்வாறே உள்வளைந்த முட்களைச் செய்து வந்தார்கள். விழுங்கிய வட்ட முள்ளை மெல்ல இழுத்தால், அது வயிற்றிலும் தொண்டையிலும் தைக்காமல் வழுக்கிக்கொண்டு வரும். வாயின் ஓரத்தை அடைந்து மீன் திரும்பும்போதுதான் சுழன்று பதியும். கோலைச் சட்டென்று வெட்டி இழுக்கக் கூடாது என்பது இதற்காகத்தான்.

குவாத்தமாலாக் கடலில் மயில்மீன்களைக்கொண்டு இவ்விரு முட்களையும் ஒப்பிட்டு 2002-இல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. ‘ஜே’ முள்ளில் மாட்டியவற்றில் நூற்றுக்கு 46 மீன்களுக்குத் தொண்டையிலோ அதற்கும் ஆழத்திலோ முள் தைத்திருந்தது. வட்ட முள்ளில் நூற்றுக்கு 2 தான். பிடிபடும் மீன்களின் தொகை வட்ட முள்ளால் குறைந்ததா என்றால், இல்லை, அதிகமாயிற்று!

விடுவித்த மீன் பிழைக்கிறதா என்னும் கேள்வி இதைவிட முக்கியமானது. நீந்திப் போவதைப் பார்த்துவிட்டு ‘பிழைத்தது’ என்று நாம் சந்தோஷப்படுகிறோம். இரண்டு நாள் கழித்து ஆழத்தில் அது செத்து மிதந்தால் நமக்கு யார் சொல்லுவார்கள்? இதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மீனின் உடம்பில் சிறு கருவி ஒன்றைப் பொருத்திவிடுவார்கள். குறித்த நாளில் அது தானே கழன்று மிதந்து, மீன் சென்ற ஆழத்தையும் வெப்பத்தையும் வானிலுள்ள செயற்கைக் கோளுக்கு அனுப்பும். மேற்கு அட்லாண்டிக் கடலில் வெள்ளை மார்லின்களுக்கு இவ்வாறு செய்து பார்த்து 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். வட்ட முள்ளில் பிடிபட்டுக் கருவி பூட்டி விடப்பட்டவை அனைத்தும் பிழைத்திருந்தன. ‘ஜே’ முள்ளில் பிடிபட்டவற்றில் நூற்றுக்கு 65 வீதமே பிழைத்தன. சோதித்த மீன்கள் நாற்பதளவே என்றாலும், வித்தியாசம் எவ்வளவு பெரிது! படகோரத்தில் விடைபெற்றுச் சென்ற மீன்களில் மூன்றில் ஒரு பங்கு, எவர் கண்ணிலும் படாமல் மாண்டிருக்கின்றன.

இங்கேதான் பார்வை இரையின் உபகாரம் விளங்குகிறது. பெரிய பிளாஸ்டிக் பொம்மைக்கு வட்ட முள் பொருந்தாது. ஓடும் பொம்மையை மீன் கண்டபடி அடிக்கும்போது உள்வளைந்த முனை எதையும் பற்றுவதில்லை. இயற்கை இரையை மீன் நிதானமாய் வாயில் எடுத்துத் திரும்பினால்தான் வட்ட முள் வேலை செய்யும். ஆகவே, ஆசை காட்டுவதற்குப் பொம்மை. அதற்கு முள்ளே வேண்டாம். பிடிப்பதற்கு இயற்கை இரை. அதற்கு வட்ட முள் போதும். இரண்டு வேலையையும் ஒன்றே செய்யவேண்டும் என்றபோதுதான் கொடுமை நேர்ந்தது. வேலையைப் பிரித்துக் கொடுத்ததும் கொடுமை குறைந்தது. 2008-ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவின் அட்லாண்டிக் கரைப் போட்டிகளில் இயற்கை இரை வைக்கும் தூண்டிலுக்கு வட்ட முள்ளே வைக்கவேண்டும் என்று சட்டமும் செய்துவிட்டார்கள்.

வஞ்சனையா, விளையாட்டா?

‘எல்லாம் சரி, பசிக்காகவும் இல்லை, பிழைப்புக்காகவும் இல்லை, ஒரு வாயில்லா ஜீவனை ஏமாற்றி, இழுத்து, களைக்கச் செய்து, பிறகு விட்டுவிடுவது என்ன தருமம்?’ என்று நம் வீட்டுப் பாட்டிமார் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. வட்ட முள்ளும் முள்தான். அதனால் வலியில்லை என்று சாதிக்க நாம் முன்வரவில்லை.

ஆயினும் தராசின் மறுதட்டையும் பார்க்கவேண்டும். இம்மீன்கள் குறைந்துபோனதற்குப் பெருங்காரணம் விளையாட்டுக்காரர் அல்லர். சூரை மீனுக்காக மைல்கணக்கில் நீளும் ஆயிரங்கால் தூண்டில்களைப் பெருங்கப்பல்கள் கடலில் விரிக்கின்றன. மார்லின்கள் அவற்றில் தற்செயலாய் மாட்டி மடிகின்றன. அங்கே பார்வையும் இல்லை, தேர்வும் இல்லை, விடுதலையும் பெரும்பாலும் இல்லை. அதே சமயம், மீன் உயிரோடு இருந்தால்தான் தமக்குப் பிழைப்பு என்று உணர்ந்த ஊர்களும் உண்டாகியிருக்கின்றன. குவாத்தமாலாவின் கரையில் படகோட்டியும் கூலியாளும் விடுதிக்காரரும் மயில்மீனை நம்பி வாழ்கிறார்கள்; செத்த மயில்மீனை அன்று, உயிருள்ளதை. ஒரே மீன் இன்று ஒருவருக்கும் அடுத்த மாதம் மற்றொருவருக்கும் தோகை விரித்துக் காட்டலாம். சந்தையில் விற்றாலோ ஒரு தடவைதான் விலை. அமெரிக்காவிலும் 2012-இல் இயற்றிய சட்டம் ஒன்று, வாள்மீன் நீங்கலாக இவ்வினத்து மீன்களை அந்நாட்டுப் பெருநிலத்தில் விற்பதைத் தடுத்திருக்கிறது.

இன்னும் ஒன்று உண்டு. பார்வை இரையோடு நின்றுவிடுகிறவர்களும் சிலர் இருக்கிறார்கள். மீனை வரவழைப்பார்கள்; அது பாய்ந்து வருவதையும், மேனி நீலமாய் எரிவதையும், அலகு நீரைப் பிளப்பதையும் கண்குளிரக் காண்பார்கள்; பிறகு வீச்சு இரையை எடுக்காமலே பொம்மையைச் சுற்றி எடுத்துவிடுவார்கள். மீன் சற்றுத் தேடிவிட்டுத் தன் வழியே போகும். அதற்கு ஒரு கீறலும் இல்லை. ‘பிடிக்கவில்லையே!’ என்று கேட்டால், ‘பார்த்தோமே!’ என்பது விடை.

இவ்விடையை நாம் மிகவும் மெச்சுகிறோம். பிடித்தால்தான் நமக்குச் சொந்தம், கையில் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டால்தான் நடந்தது உண்மை என்று நினைப்பது இக்காலத்து இயல்பு. கடல் அப்படி நினைப்பதில்லை. அதன் ஆழத்திலிருந்து ஒரு பெரும் பிராணி மேலே எழுந்து, நம் படகின் நிழலில் ஒரு நிமிஷம் நின்று, தன் எல்லா நிறங்களையும் காட்டிவிட்டு இறங்குகிறது. அந்த நிமிஷத்தில் அதன் உயிர் முழுவதும், கோல் பிடித்தவரின் விருப்பத்தையும், அவர் தேர்ந்தெடுத்த முள்ளின் வளைவையும் பொறுத்திருக்கிறது. வேட்டைக்காரனுக்கு இதைவிடப் பெரிய பொறுப்பு வேறில்லை. அதை உணர்ந்தவர் கையில் தூண்டில் இருந்தாலும் கடலுக்கு அச்சமில்லை.